நாற்பத்தாறு கிலோவுக்கு அடித்த காற்று

ஓடைக்கொல்லி எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற யோகம், தன் ஒரே மகள் சுகிர்தாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, குண்டானில் மிச்சமிருந்த வடையைக்கூட யாருக்கும் எடுத்துக் கொடுக்காமல், எட்டு மணி பஸ்ஸில் ஏறிக் கூடலூருக்குப் போய், பெலிக்ஸின் சைக்கிள் கடை திறக்கும்வரை படியிலேயே உட்கார்ந்திருந்து, அவன் வந்து ஷட்டரைத் தூக்கியதும், "என் புள்ள கேட்ட சைக்கிள செஞ்சு குடு தம்பி" என்றாள். பந்தயத்துக்கு முன்னாலெல்லாம் சுகிர்தா வந்து நிற்கிற கடை அது. பெலிக்ஸ் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

சுகிர்தாவுக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூடத்துச் சைக்கிளிலேயே மலைப் பந்தயங்களுக்குப் போய் இரண்டு தடவை கோப்பை வாங்கியவள், மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்கு முந்தைய ஒரு வருஷமாக எஸ்டேட் வரிசைக் குடியிருப்பிலிருந்த அந்த லயன் வீட்டில் சோற்றுக்கு உட்கார்ந்தால் அவள் பேசியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: அம்மா, ஃப்ரேம் ஸ்மால் எடுக்கட்டுமா மீடியம் எடுக்கட்டுமா, ஃபோர்க் நூத்திருபது போடட்டுமா நூத்திநாப்பது போடட்டுமா. விடிந்ததிலிருந்து சரிவில் நின்று முதுகு கழன்று வந்திருக்கும் யோகம், "ஏதோ ஒண்ண எடுடி, மொதல்ல சோத்தத் தின்னு" என்பாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருஷம் முழுக்க இதே கேள்வி, இதே பதில். கேட்டவள் போன பிறகும் கேள்வி மட்டும் போக மாட்டேன் என்று அடுப்படியில் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பதில் சொல்லத்தான் யோகம் பஸ் ஏறியிருந்தாள்.

பெலிக்ஸ் ஆணியில் தொங்கிய இரண்டு ஃப்ரேம்களை இறக்கி அவள் மடியில் வைத்தான். இரண்டும் சக்கரமில்லாத வெறும் எலும்புக்கூடுகள், ஒன்று கொஞ்சம் பெரிது, ஒன்று கொஞ்சம் சிறிது. "இதான்க்கா சைக்கிளோட உடம்பு. பெருசா இருந்தா கை எட்டாம இழுத்துக்கிட்டே ஓட்டணும். சின்னதா இருந்தா முட்டி இடிக்கும். உங்க பொண்ணு ரெண்டுக்கும் நடுவுல நின்னா, அதான் முடிவு பண்ண முடியல" என்றான். பிறகு முன்சக்கரத்தைப் பிடிக்கிற இரட்டைக் காலை எடுத்துக் காட்டினான். அதற்குப் பெயர்தான் ஃபோர்க். உள்ளே காற்று இருக்கிறது, சக்கரம் கல்லில் ஏறினால் கால் அமுங்கி எழும், கல்லின் அடி கைக்கு வராது. "நூத்திருபதுன்னா அவ்வளவு மில்லிமீட்டர் அமுங்கும். மேடு ஏற லேசா இருக்கும், எறக்கத்துல மட்டும் கொஞ்சம் கையில அடிக்கும். நூத்திநாப்பது எவ்வளவு பெரிய கல்லையும் வாங்கிக்கும், ஆனா முன்பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கும், மேடு ஏறினா சக்கரம் அலையும். சுகி எறக்கத்துக்குத்தானே போவா?"

யோகத்துக்குத் தெரியவில்லை. பெற்று வளர்த்து, பதினேழு வருஷம் தலை வாரிவிட்ட மகள் மேடு ஏறப் போகிறவளா இறக்கத்தில் போகிறவளா என்று அவளுக்குத் தெரியவில்லை. அது தெரியாத வெட்கத்தில் அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ள, பெலிக்ஸே, "எறக்கம்னா சிரிச்சுக்கிட்டே போவாக்கா" என்று சொல்லி, நூற்று நாற்பதை எடுத்து வைத்தான். ஃப்ரேம் விஷயத்தில் மட்டும் யோகம் நிமிர்ந்து உட்கார்ந்து, கொஞ்சமும் யோசிக்காமல், "பெருசையே போடு தம்பி, வளர்ற புள்ள" என்றாள்.

பெலிக்ஸ் அவளைப் பார்த்தான். பிறகு பெரியதையே ஸ்டாண்டில் மாட்டினான்.

மத்தியானம் வரை வேலை ஓடியது. கடைசியில் பம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஓட்டுகிறவர் எடைக்குத் தகுந்த மாதிரிதான் ஃபோர்க்கில் காற்று அடிக்க வேண்டும் என்று அவன் தயங்கினான். "நாப்பத்தாறு" என்றாள் யோகம். காய்ச்சலில் ஜீப் வருகிற ரோடு வரைக்கும் மகளை முதுகில் சுமந்து இறங்கியவள் அவள், முப்பது வருஷம் கொழுந்து சுமந்த முதுகு எடையில் தப்புப் பண்ணாது. பெலிக்ஸ் நாற்பத்தாறு கிலோவுக்குக் காற்றடித்து, சைக்கிளைத் தரையில் இறக்கி வைத்தான். இறக்கி வைத்ததும் ஃபோர்க் மெல்ல அமுங்கியது, இரண்டு டயரும் அடியில் லேசாகப் பரந்தன, சீட் ஒரு சின்ன முனகலோடு அடங்கியது. யாரோ ஏறி உட்கார்ந்தால் எப்படி அமுங்குமோ அப்படி, கால்வாசி, அதற்கு மேலும் இல்லை கீழும் இல்லை. பெலிக்ஸ் குனிந்து ஃபோர்க் காலிலிருந்த ரப்பர் வளையம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்த்து, "சரியாத்தான் சொல்லியிருக்கீங்கக்கா, நாப்பத்தாறு" என்றான். யோகம் சீட்டைத் தொடாமல் அதன் பக்கத்தில் கையை மட்டும் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது பஸ் கண்டக்டர் சைக்கிளை உள்ளே ஏற்ற விட்டார். அதை ஏற்ற மூன்று ஆள் வேண்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, யோகத்துக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தவர், "அவங்களுக்கு ஸ்டூடண்ட் பாஸ் இருக்கா?" என்று கேட்டார். யோகம் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து மகளின் பாஸை எடுத்து நீட்டினாள். அவர் போட்டோவைப் பார்த்தார், சைக்கிள் சீட்டைப் பார்த்தார், மார்ச் வரை செல்லும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

எஸ்டேட்டில் செய்தி முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. கொழுந்து நிறுக்கிற கொட்டகையில் மேஸ்திரி மருதவீரன் சைக்கிளைத் தொங்கு தராசில் மாட்டி, ஐம்பத்தொன்பது என்று சத்தமாகப் படித்து, சைக்கிளுக்குப் பதின்மூன்று கழித்து, கை பழகிய பழக்கத்தில் ஈரத்துக்கும் சாக்குக்குமாக இன்னும் இரண்டு கிலோ கழித்து நாற்பத்துநான்கு என்று சொல்லிவிட்டார். முப்பது வருஷமாக அந்தக் கழிவை வாய் பேசாமல் வாங்கிக்கொண்டு போன பெண்கள் அன்றைக்கு அவரைச் சுற்றி வளைத்துக்கொண்டு கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. மேஸ்திரி வேர்த்துப்போய் இரண்டு கிலோவைத் திருப்பிப் போட்டார். அந்த வாரத்திலிருந்து கொழுந்துக்கும் கழிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அப்புறம் அது ஊரின் வழக்கமாகிவிட்டது. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் யோகத்தின் வாசலில் நின்று, ரப்பர் வளையம் எங்கே நிற்கிறது என்று பார்த்து, "சுகி வந்திருக்கா" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு போனார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி சைக்கிளுக்குத் திருநீறு வைத்தார், சர்ச்சிலிருந்து வந்த சிஸ்டர் அதே சைக்கிளுக்கு ஜெபம் பண்ணினார், இரண்டு பேரும் வாசலில் ஒருவர் முடிக்கும்வரை ஒருவர் காத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வைத்துப் பக்கத்தில் ஒரு தட்டு வைத்தால் எடை இருநூறு கிராம் கூடியது, சுரைக்காய் வைத்தால் கூடவில்லை, அவள் உயிரோடிருந்தபோதும் அப்படித்தான். பள்ளிக்கூடத்திலிருந்து பரீட்சை ஹால் டிக்கெட்டைக் கொண்டுவந்து ஹேண்டில்பாரில் சொருகிவிட்டுப் போனார்கள். யோகம் வேலை முடிந்து வந்து, அதன் எதிரே உட்கார்ந்து, அன்றைக்கு நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லுவாள்.

ஆனால் சைக்கிள் நகரவில்லை. சரிவைப் பார்த்து நிறுத்தினாலும் அசையாமல், முன்சக்கரத்தில் பாரமில்லாமல், எடை முழுக்கப் பின்னால் சாய்ந்து, எதையோ எட்டிப் பிடிக்க முடியாதவள் மாதிரி நின்றது. கூடப் பந்தயத்துக்குப் போகிற பெண்கள் வந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். ஊருக்கே காரணம் தெரியும், ஊரில் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஓடைக்கொல்லியில் எந்தத் தாய் பிள்ளைக்கு அளவாகச் சட்டை எடுத்திருக்கிறாள்? பாவாடையில் மூன்று மடிப்பு உள்ளே வைத்துத் தைத்து, செருப்பில் பஞ்சு திணித்து, வளர்ந்து வளர்ந்து அதற்குள் நிறையட்டும் என்று விட்ட ஊர் அது.

மூன்றாம் ஞாயிறு பெலிக்ஸ் சிறிய ஃப்ரேமைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறி வந்தான். வாசலில் நின்று சைக்கிளைப் பார்த்தான், யோகத்தைப் பார்த்தான், "அக்கா, இதுக்கு மேல அவ வளர மாட்டா" என்றான்.

யோகம் உள்ளே போனாள். தகரப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது, ரொம்ப நேரம் கழித்து மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. காரியத்தன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை, அன்றைக்கு வந்தவர்களுக்கு இலை போடுகிற கவலை இருந்தது. வெளியே வந்தபோது கையில் சுகிர்தாவின் பள்ளிக்கூட யூனிஃபார்ம் இருந்தது, அதன் ஓரத்தில் பிரிக்காத மடிப்பு மூன்று விரல் அகலத்துக்கு அப்படியே இருந்தது. "சின்னதையே மாட்டு" என்று சொல்லிவிட்டு, படியில் உட்கார்ந்து அந்த மடிப்பைப் பிரிக்கவும் மனசில்லாமல் வைத்திருக்கவும் மனசில்லாமல் தடவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை சைக்கிள் தானாகவே வாசலுக்கு வந்து, முன்சக்கரத்தைச் சரிவுப் பக்கம் திருப்பி, அவள் வேலைக்குக் கிளம்பும்வரை நின்றது. அம்மாவிடம் சொல்லிக்கொள்ளாமல் அவள் எங்கேயும் போனதில்லை. யோகத்துக்கு எவ்வளவோ சொல்லத் தோன்றியது, வாயில் வந்தது தினமும் சொல்வதுதான். "போயிட்டு வாடி" என்றாள்.

அது போனது. தேயிலைக்கு நடுவே ஓடுகிற ஒற்றையடிப் பாதையில், வேர்களின் மேலும் கற்களின் மேலும், ஃபோர்க் அமுங்கி அமுங்கி எழ, வளைவுகளில் சாய்ந்து நிமிர்ந்து, பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு ஒதுங்கி வழிவிட, ஆளில்லாத சைக்கிள் அடிவாரம் வரைக்கும் போனதை மலை முழுக்க நின்று பார்த்தது. மகள் எப்படி ஓட்டுவாள் என்பதை யோகம் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள். பதினேழு வருஷத்தில் ஒரு பந்தயத்துக்கும் போகாதவள், இடுப்பில் கூடைக் கயிறு இறுக, "என் புள்ள, என் புள்ள" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் சைக்கிள் மேடேறித் திரும்பி வந்தது.

ஊர் அதைக் கொண்டாடியது. தினமும் காலையில் போனது, தினமும் மாலையில் வந்தது. ஆனால் முதல் நாள் மாலையே மேஸ்திரி தராசைப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை கழிவு எதுவும் தான் செய்யவில்லை என்று சத்தியம் பண்ணிவிட்டு, நாற்பத்தைந்து என்றார். அடுத்த நாள் நாற்பத்துநான்கு. இறங்குவது சுகிர்தாவின் ஆசை, ஏறி வருவது அம்மாவின் சொல். இறக்கத்துக்கென்று மாட்டிய ஃபோர்க் அந்தச் செங்குத்தான மேட்டில் முன்பக்கம் தூக்கிக்கொண்டு, சக்கரம் அலைந்து அலைந்து, ஒவ்வொரு நாளும் ஒரு கிலோவை அந்தப் பாதையில் எங்கேயோ விட்டுவிட்டு வந்தது.

யோகம் முதலில் பயந்தாள். பிறகு, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, சந்தோஷப்பட ஆரம்பித்தாள். ஏனென்றால் முப்பத்துநான்கு கிலோ என்பது சுகி பெரியவளான வருஷம். இருபத்தாறு கிலோ, அம்மை போட்டு வேப்பிலையில் படுத்திருந்த வருஷம். ஒவ்வொரு கிலோவிலும் கொஞ்சம் வயசு கழன்று, மகள் சின்னவளாகிச் சின்னவளாகி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் தங்கள் பிள்ளைகளின் பழைய கவுன்களைத் துவைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். யோகம் விரல்விட்டுக் கணக்குப் போட்டாள்: இன்னும் எத்தனை நாளில் இடுப்பில் தூக்குகிற எடை, இன்னும் எத்தனை நாளில் மடியில் போடுகிற எடை. இரண்டே முக்கால் கிலோவில் பிறந்தவள் அவள். அதற்கு மறுநாள் என்ன, அதற்கு மறுநாளுக்கு மறுநாள் என்ன என்று மட்டும் அவள் எண்ணவில்லை, மற்றவர்களும் எண்ணிச் சொல்லவில்லை.

பெலிக்ஸ் வாரத்துக்கு இரண்டு தடவை வந்து, குறைந்த எடைக்குத் தகுந்தபடி ஃபோர்க்கில் காற்றை இறக்கிவிட்டுப் போவான். பதினெட்டு கிலோவான அன்றைக்கு அவன் காற்றை இறக்கிப் பார்த்தான், இன்னும் இறக்கிப் பார்த்தான், பம்பைக் கீழே வைத்துவிட்டான். "இதுக்குக் கீழ இந்த ஃபோர்க் அசையாதுக்கா. கல்லோட அடி எல்லாம் நேரா அவ கைக்குத்தான் போகும்." அன்று மாலை சைக்கிள் வரவில்லை. பெண்கள் போய்ப் பார்த்தபோது கொட்டகைக்குக் கீழே உள்ள வளைவில் சாய்ந்து கிடந்தது, பின்சக்கரம் மட்டும் மெல்ல மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆறு வயசுப் பிள்ளையால் பதின்மூன்று கிலோ சைக்கிளை எவ்வளவு நேரம்தான் பிடித்துக்கொண்டு ஏற முடியும். அப்போதும் அது முகத்தை வீட்டுப் பக்கம் வைத்துத்தான் கிடந்தது.

யோகம் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மறுநாள் விடிந்ததும் பெலிக்ஸ் நூற்றிருபது ஃபோர்க்கோடு வந்து நின்றான், காற்றுக்குப் பதில் ஸ்பிரிங் வைத்தது, சின்னப் பிள்ளை எடைக்கும் அசையும். "இதப் போட்டா மேடு ஏற லேசா இருக்கும். இன்னும் கொஞ்ச நாள் வருவா" என்றான். நல்ல மனுஷன், அவனுக்கு வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை.

யோகம் அந்த ஃபோர்க்கைக் கையில் வாங்கினாள். இந்த ஒன்றை மாட்டினால் சாயங்காலம் மகள் வருவாள். நாளைக்கும் வருவாள். பதினேழு கிலோ, பதினாறு கிலோ, முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு அழுதுகொண்டு போன எடை, பால் மறந்த எடை. அவள் அதன் கால்களை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தாள்.

"தெனமும் இவளுக்கு நான் என்னா சொல்லி அனுப்புறேன், தெரியுமா தம்பி?" என்று கேட்டாள். "போயிட்டு வா, போயிட்டு வான்னு சொல்லுறேன். அதுல வான்னு முடியுற வரைக்கும் நின்னு கேட்டுட்டுத்தான் கெளம்புறா. சுடுகாட்டுக்குத் தூக்குனப்பவும் அதத்தான் சொன்னேன். சொல்பேச்சு கேக்குற புள்ள, வந்துட்டா. எங்க வீட்டுல யாரையும் வேற மாதிரி அனுப்பிப் பழக்கமில்ல." பெலிக்ஸ் கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் வைத்தான். "இது வேணாம். நூத்திநாப்பதே இருக்கட்டும். அவ எறக்கம் போறவ, நீதான சொன்னே" என்று சொல்லி, ஃபோர்க்கை அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள். வருஷம் முழுக்கக் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான்.

அன்றைக்கு யாரும் வேலைக்குப் போகவில்லை. தலை வாரிவிடுகிறவள் மாதிரி யோகம் சைக்கிளைத் துணியால் மெதுவாகத் துடைத்தாள். வாசலுக்குக் கொண்டுவந்தாள். மேஸ்திரி முன்கூட்டியே ஆள் விட்டுப் பாதையிலிருந்த கற்களைப் பொறுக்கி ஓரம் போடச் சொல்லியிருந்தார், பெண்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள். சைக்கிள் முன்சக்கரத்தைச் சரிவுப் பக்கம் திருப்பிக்கொண்டு, வழக்கம்போல அம்மாவின் சொல்லுக்காகக் காத்துக்கொண்டு நின்றது.

யோகம் வாயைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள். தமிழ் பேசுகிற எந்த வாய்க்கும் அது வராது, பிடிக்காத விருந்தாளியைக்கூட அந்த ஒற்றைச் சொல்லால் யாரும் அனுப்புவதில்லை, பெற்றவள் பிள்ளையிடம் கோபத்தில் சொல்லிவிட்டாலும் ராத்திரிக்குள் நூறு தடவை தன்னையே அடித்துக்கொள்வாள்.

"போடி தங்கம்" என்றாள். சத்தம் வெளியே வரவில்லை. "போ" என்றாள், இந்தத் தடவை வரிசையின் கடைசியில் நின்றவள் வரைக்கும் கேட்டது.

சைக்கிள் அசையவில்லை. மிச்சத்தையும் சொல்லட்டும் என்று நின்றது. சரிவெங்கும் நின்ற அத்தனை பேரும் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்க, யோகம் முந்தானையைச் சுருட்டி, ஒரு கைப்பிடி துணியை வாய்க்குள் திணித்து, பல்லால் இறுக்கிக் கடித்துக்கொண்டாள். கண் இரண்டும் வழிந்து துணி நனைந்தது. சைக்கிள் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு மெதுவாக உருண்டு, முதல் வளைவில் சாய்ந்து, வேகம் பிடித்து இறங்கிப் போனது.

அன்று இருட்டுகிறவரை அவள் அந்தத் துணியை எடுக்கவில்லை. கஞ்சி கொண்டுவந்தார்கள், வேண்டாம் என்று கையை ஆட்டினாள். தண்ணீர் கொண்டுவந்தார்கள், அதற்கும் ஆட்டினாள். வாயைத் திறந்தால் முதலில் அந்த மிச்சச் சொல்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும், அடிவாரத்தில் எங்கே இருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு அது கேட்டுவிடும்.